கடைசியில சேர்ந்துடுவாங்களா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. படிப்பு ஆணி ஒரு பக்கம், காபிக்கடை ஆணி இன்னொரு பக்கம். புடுங்கி நிமிர்றதுக்குள்ள இலையெல்லாம் சிவப்பாகி டொராண்டோவுக்கு அக்டோபர் வந்துடுச்சு.

போன சனிக்கிழமை ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். ரொமான்ஸ் நாவல் எழுதுகிறவர்களுக்கான மாநாடு. சிரிச்சு முடிச்சாச்சா? சரி, இப்ப மேலே படிங்க.

நானா தேடிப் போகலை. கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தி, "வாலண்டியருக்கு ஆள் குறையுது, வர்றியா? உள்ளே போக காசு வேண்டாம், மதியச் சாப்பாடு உண்டு"ன்னு கேட்டா. நுழைவுக் கட்டணம் எவ்வளவுன்னு பார்த்தேன். என்னோட ரெண்டு வாரச் சாப்பாட்டுச் செலவு. மாணவர் விசாவுல இருக்கறவன் காலேஜ் நடக்கறப்ப வாரம் 24 மணி நேரத்துக்கு மேல வெளியே வேலை பார்க்கக் கூடாது. அதுல வர்ற காசு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போகும். ஓசிச் சாப்பாடுன்னா காதல் என்ன, கருவாட்டு மாநாடா இருந்தாலும் போவேன்.

காலைல ஏழு மணிக்குக் கிளம்பறப்ப வீட்டுக்கார அன்ரி பிடிச்சுட்டாங்க. நான் குடியிருக்கறது ஸ்கார்பரோவில ஒரு பேஸ்மென்ட். மேல் வீட்ல அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரங்க.

"எங்கை தம்பி, சனிக்கிழமையும் வெள்ளன வெளிக்கிட்டாச்சு?"

"ஒரு கான்ஃபரன்ஸ் அன்ரி."

"படிப்பு விசயமோ?"

"ம்ம்... அந்த மாதிரிதான்."

அந்த 'அந்த மாதிரிதான்'ல இருந்த கூச்சம்தான் இந்தப் பதிவு முழுக்கவே.

ஸ்கார்பரோவில முன்னாடி ஒரு குட்டி ரயில் ஓடிட்டிருந்தது. 2023-ல தடம் புரண்டதும் மொத்தமா நிறுத்திட்டாங்க. இப்ப பஸ் பிடிச்சு கென்னடி ஸ்டேஷன், அங்கேர்ந்து சப்வே, ப்ளூர்-யங்ல மாறி டவுன்டவுன். போற வழியில, கொஞ்சமாவது விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கணுமேன்னு போன்ல படிச்சுட்டுப் போனேன். அப்பத்தான் தெரிஞ்சது, இந்த மாநாட்டை டொராண்டோவில வைக்கறது, பட்டாசு மாநாட்டை சிவகாசியில வைக்கற மாதிரி.

மில்ஸ் அண்ட் பூன் 1908-ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி, அது எல்லாருக்கும் தெரியும். 1949-ல கனடாவில வின்னிபெக்ல ஹார்லெக்வின்னு ஒரு சின்னக் கம்பெனி முளைச்சது. துப்பறியும் கதை, கௌபாய் கதை, சமையல் புத்தகம்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் மலிவு விலையில மறுபதிப்புப் போட்டுட்டு இருந்தாங்க. 1957-ல மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை இங்கே போட ஆரம்பிச்சாங்க. எது ஓடுதுன்னு தெரிஞ்சதும் மத்ததையெல்லாம் கைகழுவிட்டு, 1971-ல அந்த லண்டன் கம்பெனியையே விலைக்கு வாங்கிட்டாங்க. டொராண்டோவுக்குக் குடிவந்து, டான் மில்ஸ்ல ரொம்ப வருஷம் ஆபீஸ். 1981-லேர்ந்து 2014 வரைக்கும் முழு முதலாளி யார்னா, 'டொராண்டோ ஸ்டார்' பத்திரிகையோட தாய்க் கம்பெனி. ஊர்ப் பெரியவங்க காபியோட படிக்கிற தலையங்கத்துக்கு, அவங்க வீட்டம்மா தலையணைக்கு அடியில வச்சுப் படிக்கிற புத்தகம் படியளந்திருக்கு! 2014-ல ஹார்ப்பர்காலின்ஸ் வாங்கிடுச்சு. ஆனா ஹார்லெக்வினோட தலைமையிடம் இன்னும் டொராண்டோதான்.

ஹோட்டல் ஹால்ல சுமார் நூத்தம்பது பேர் இருப்பாங்க. ஆம்பளைங்க நாலு. அதுல ஒருத்தர் மைக் செட்காரர், ஒருத்தர் காபி ஊத்தறவர், ஒருத்தன் நான். நாலாவது ஆள் நெஜமாவே எழுத்தாளர், பொண்ணு பேர்ல எழுதறாராம்.

கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டுப் பதிவு மேசையில உட்கார்ந்தேன். டொராண்டோவில யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீ எந்த ஊர்?" இங்கே அதைக் கேட்ட ஆளே இல்லை. எல்லாரும் கேட்டது, "நீ என்ன எழுதறே?" வாலண்டியர்னு சொன்னா விடலை. "சரி, ஆனா என்ன எழுதறே?"

காலை அமர்வுல நெறைய கத்துக்கிட்டேன். மேடையில இருந்த அம்மா முதல்லயே சொல்லிட்டாங்க, ரொமான்ஸ்னா ரெண்டே ரூல். ஒண்ணு, காதல்தான் கதையோட நடுத்தூண், ஓரத்துக் கொடி இல்லை. ரெண்டு, முடிவு நிம்மதியாவும் நம்பிக்கையாவும் இருக்கணும். முதல் வகை முடிவு எச்.ஈ.ஏ, அதாவது அதுக்கப்புறம் என்னென்னிக்கும் சந்தோஷம். ரெண்டாவது எச்.எஃப்.என், அதாவது இப்போதைக்குச் சந்தோஷம். ரெண்டும் இல்லேன்னா அது ஒசந்த நாவலா இருக்கலாம், ஆனா இந்த அலமாரியில இடம் கிடையாது. நம்மாளுங்களை நினைச்சுப் பார்த்தேன். தேவதாஸ் வாசலோட சரி. அம்பிகாபதி அமராவதிக்கு டோக்கனே கிடைக்காது. நம்மூர்ல காதல்னா ஒருத்தராவது சாகணும், அப்பத்தான் காவியம்.

அப்புறம், திரும்பத் திரும்ப வர்ற கதைச் சூழல்கள் பத்தி ஒரு அமர்வு. எல்லாத்துக்கும் பேர் வச்சிருக்காங்க. எதிரிகள் காதலர்களாவது. பொய்க்காதல் நெஜக்காதலாவது. 'கட்டில் ஒண்ணுதான்'னு ஒண்ணு. பனியில மாட்டி, லாட்ஜுக்குப் போனா ரூம்ல ஒரே ஒரு கட்டில், ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்க? ஹாலே கொல்லுன்னு சிரிச்சது. எனக்கு இது புரியவே கொஞ்ச நேரமாச்சு. எங்க வீட்லயும் கட்டில் ஒண்ணுதான். அதுல தாத்தா படுத்திருப்பார். மத்த ஆறு பேரும் கூடத்துல பாய்.

அடுத்தது, காதலிக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறமா காதல் வர்ற கதை. "ரெண்டு பேரும் ஏன் கல்யாணம் பண்ணிக்கணும்கிறதுக்கு நம்பற மாதிரி ஒரு காரணம் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்"னாங்க. தாத்தா எழுதின உயில், விசா, சொத்துன்னு வரிசையா யோசனைகள். நம்ம பக்கம் காரணமே வேண்டாம்மா, ஜாதகம் சேர்ந்தா போதும்னு கையைத் தூக்கிச் சொல்லலாமான்னு தோணுச்சு. 1986-ல வந்த 'மௌன ராகம்' கதைக்கு யாரும் உயில் கேட்கலையே.

மதியச் சாப்பாட்டுல வட்ட மேசை, எட்டுப் பேர். பக்கத்துல இருந்த கறுப்பினப் பெண்மணி அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தோட கதையைச் சொன்னாங்க. 1980-ல டெக்சாஸ்ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் விவியன் ஸ்டீவன்ஸ்ங்கிற கறுப்பின எடிட்டர். 1982-லேர்ந்து விருதும் கொடுத்துட்டு வந்தாங்க. ஆனா அந்த விருது ஒரு கறுப்பின எழுத்தாளர் கைக்கு முதல்முதலா வந்தது 2019-லதான். அந்த வருஷக் கடைசியிலயே இனவெறி பத்தின சண்டையில சங்கம் உடைய ஆரம்பிச்சு, 2024-ல திவால் மனு. "சந்தோஷ முடிவு யாருக்கெல்லாம் உண்டுங்கறதுதான் சண்டையே"ன்னு சொல்லிட்டு சாலட்டைக் குத்தினாங்க. அதுக்குள்ள இந்த ஊர்லயே உஸ்மா ஜலாலுதீன் மாதிரி ஆட்கள் வந்துட்டாங்க. 2018-ல வந்த 'ஆயிஷா அட் லாஸ்ட்' டொராண்டோ முஸ்லிம் குடும்பங்களை வச்சு எழுதின காதல் கதை.

"உங்க மொழியில ரொமான்ஸ் உண்டா?"ன்னு என்னைக் கேட்டாங்க.

அவ்வளவுதான், எனக்குள்ள இருந்த தமிழன் முழிச்சுக்கிட்டான். உண்டாவா? ரமணிசந்திரன்னு ஒருத்தர் இருக்காங்க, நூத்தம்பது நாவலுக்கு மேல எழுதினவங்க. 2008-ல சென்னையில ப்ளாஃப்ட் பதிப்பகம் போட்ட தமிழ் பல்ப் ஃபிக்ஷன் தொகுப்புல அவங்க கதை இங்கிலீஷ்லயே இருக்கு. அதுக்கும் முன்னாடி 'லட்சுமி' இருந்தாங்க. மெட்ராஸ்ல மருத்துவம் படிக்கறப்ப பணம் கட்ட முடியாம, ஆனந்த விகடன் வாசன்கிட்ட போய் வாய்ப்புக் கேட்டு, தொடர்கதை எழுதின காசுல படிச்சு டாக்டரானவங்க. தென்னாப்பிரிக்காவில இருபது வருஷம் இருந்தாங்க. 1984-ல 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது. மேசையே வாயைப் பிளந்துச்சு. "கதை எழுதி ஃபீஸ் கட்டினாங்களா!"

"நீ இவ்வளவு படிச்சிருக்கியா?"ன்னு ஒருத்தர் கேட்டாங்க.

"எங்க அம்மா படிப்பாங்க"ன்னேன். சொன்னதும் தொண்டையில சோறு, ஸாரி, பாஸ்தா அடைச்சுது.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊரு கரூர். அப்பா எட்டுத் தறி போட்டிருந்தார். அம்மாவுக்கு லெண்டிங் லைப்ரரியில இருந்து புத்தகம் எடுத்துட்டு வர்றது என் டூட்டி. சைக்கிள்ல போகணும். புத்தக விலையில பத்துல ஒரு பங்கு வாடகை. லைப்ரரிக்காரருக்கு என்னைப் பார்த்தாலே தெரியும், ஒரு ரமணிசந்திரனை எடுத்து பேப்பர்ல சுத்திக் கொடுப்பார். அம்மா அதை மாவு டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருப்பாங்க. 2012-ல தமிழ்நாடு முழுக்க பவர்கட் இருந்தது ஞாபகம் இருக்கும். எங்க பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் 12 மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. தறி ஓடலை. ஆர்டர் போச்சு. எட்டுத் தறி நாலாச்சு, நாலு ஒண்ணுமில்லாம போச்சு. அந்த வருஷம் அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்துல சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்து படிச்சது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள இருக்கு. வாடகைக் காசு மட்டும் எப்படியோ கொடுத்தனுப்புவாங்க.

அப்புறம் நான் காலேஜுக்குப் போனேன். ரெண்டு நல்ல புத்தகம் படிச்சேன். போதாதா? 2019 பொங்கலுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருக்கறப்ப, யாரோ அம்மா கையில இருந்த புத்தகத்தைப் பார்த்து என்னன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டேன். "அம்மா படிக்கறதெல்லாம் ஒரே கதைதாங்க மாமா. பணக்காரன், ஏழைப்பொண்ணு, சண்டை, கல்யாணம். பேரை மட்டும் மாத்திப் போடுவாங்க." எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் என்னைப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொன்னதே இல்லை. சொல்லலைங்கறதை நான் கவனிச்சதே ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

கொசுவத்தி முடிஞ்சது. மாநாட்டுக்கு வருவோம்.

மதியம் எனக்கு முக்கியமான வேலை. எழுத்தாளர்கள் ஒவ்வொருத்தரா ஒரு ரூமுக்குள்ள போய் எடிட்டர்கிட்ட தங்களோட கதையைச் சொல்லணும். ஆளுக்கு 10 நிமிஷம். நான் வெளியே டைமரோட உட்கார்ந்து, நேரம் முடிஞ்சதும் கதவைத் தட்டணும். வருஷக்கணக்கா எழுதினதுக்குப் பத்து நிமிஷம், அதுக்குக் காவல்காரன் நான்.

வரிசையில அறுபதைத் தாண்டின ஒரு அம்மா. நைட் ஷிஃப்ட் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்களாம். கையில ஒரு சின்ன அட்டை, அட்டை நடுங்குது. "ஒரு தடவை உன்கிட்டச் சொல்லிப் பார்க்கட்டுமா?"ன்னாங்க. சொல்லுங்கன்னேன்.

கதை இதுதான். 58 வயசு விதவை. தினமும் காலைல பனி வாருற வண்டி வந்து, ரோட்டுப் பனியையெல்லாம் அவங்க வீட்டு வாசல்ல தள்ளிட்டுப் போகுது. வண்டி ஓட்டறவரோட சண்டை. முனிசிபாலிட்டிக்குப் புகார் மேல புகார். அந்த ஆள் ஒருநாள் மன்னிப்புக் கேட்க மண்வெட்டியோட வர்றார். (டொராண்டோவில ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், இதைவிடப் பெரிய காதல் கிடையாது.)

நான் அறியாம கேட்டுட்டேன், "கடைசியில சேர்ந்துடுவாங்களா?"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க. "சேருவாங்கப்பா. அது முதல் பக்கத்துலயே எல்லாருக்கும் தெரியும். எனக்கு வார்டுல அப்படியா இருந்துச்சு? நைட்டு பூரா எந்த பெட்ல என்ன ஆகும்னு தெரியாது. பிரேக்ல அரைமணி நேரம் இந்த மாதிரிப் புத்தகம் படிப்பேன். இதுல யாரும் சாக மாட்டாங்கன்னு தெரியும்."

உள்ளே போனாங்க. டைமர் 10 நிமிஷத்தைத் தொட்டுச்சு. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுது. எடிட்டர் சிரிப்பு. நான் கதவைத் தட்டலை. 12 நிமிஷத்துக்குத்தான் தட்டினேன்.

வெளியே வந்து, "மூணு அத்தியாயம் அனுப்பச் சொல்லிட்டாங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அனுப்பச் சொல்றது ஒண்ணு, அச்சாகறது வேற ஒண்ணு. அவங்களுக்கும் அது தெரியும். ஆனா அன்னிக்கு அந்த அம்மாவுக்கு எச்.எஃப்.என்.

ராத்திரி வீட்டுக்கு வந்தா அன்ரி அடுப்படியில.

"கான்ஃபரன்ஸ் எப்பிடி தம்பி?"

உண்மையைச் சொன்னேன். காதல் நாவல் மாநாடுன்னு. ரமணிசந்திரன் பேரை எடுத்ததும் அன்ரி கரண்டியைக் கீழே வச்சுட்டாங்க.

"எட, நான் ஊரிலை இருக்கேக்கை அவவின்ரை புத்தகமெல்லாம் வாசிச்சனான். தொண்ணூறுக்குப் பிறகு கரண்ட் இல்லையெல்லோ. ஜாம் போத்தல் விளக்கிலைதான். ஒரு புத்தகம் பத்து வீடு சுத்தி வரும். எங்களிட்டை வரேக்கை கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கும்."

"அப்ப முடிவு?"

"அது பரவாயில்லை. முடிவு எல்லாருக்கும் தெரியும்தானே."

கீழே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே சனிக்கிழமை ராத்திரி பத்தரை, அங்கே ஞாயித்துக்கிழமை காலை எட்டு.

"சொல்லு கண்ணு. சாப்ட்டியா?"

மாநாட்டைப் பத்திச் சொன்னேன்.

"சாப்பாடு போட்டாங்களா?"

"போட்டாங்க. அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்குப் பொங்கலப்ப அப்படிச் சொன்னதாலதான் நீங்க புத்தகம் படிக்கறதை விட்டுட்டீங்களா?"

"யாரு விட்டா?"

"..."

"உன்னைக் கேக்கறதைத்தான் விட்டேன். நானே நடந்து போய் எடுத்துட்டு வந்துக்குவேன். அப்புறம் கொரோனாவுல லைப்ரரியை மூடிட்டாங்க. இப்ப போன்ல பிரதிலிபியில படிக்கறேன். தினம் ஒரு அத்தியாயம் வருது. நீ என்னமோ பெரிய இவனாட்டம்..."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அவமானமாவும் இருந்துச்சு. அஞ்சாறு வருஷமா சுமந்துட்டுத் திரிஞ்ச குற்ற உணர்ச்சிக்கு இதுதான் மரியாதை!

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அம்மாவே சொன்னாங்க.

"ஆனா நீ சொன்னது நெனப்பிருக்கு. ஒரே கதைன்னு. ஒரே கதைதான். அது தெரிஞ்சுதானே எடுத்துட்டு வரச் சொன்னேன். கரண்ட் எப்ப வரும், தறி ஓடுமா, வாசல்ல எந்தக் கடன்காரன் வந்து நிப்பான்னு அப்ப எதுவுமே தெரியாது. அந்தப் புஸ்தகத்துல மட்டுந்தான் கடைசியில என்ன ஆகும்னு தெரியும். அதைப் படிச்சாத்தான் தூக்கம் வரும் எனக்கு."

நான் கண்டுபிடிச்சதா நினைச்சு எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்ச 'ரகசியம்', அவங்க காசு கொடுத்து வாங்கின பொருள். அது தெரியாமதான் இத்தனை நாள் பெருமை பட்டிருக்கேன்.

"ஸாரிம்மா"ன்னேன்.

"சரி விடு. நீயும் ஏதாச்சும் எழுதறியா என்ன, அங்கெல்லாம் போயிருக்க?"

"இல்லம்மா. நான் கதவு தட்டினேன்."

அந்த நர்ஸ் அம்மா கதையைச் சொன்னேன். பனி வண்டி, வாசல்ல குவிஞ்ச பனி, புகார், மண்வெட்டி. அம்மா 'ம்' கொட்டிக் கேட்டாங்க. பனின்னா எவ்வளவு உசரம் இருக்கும்னு நடுவுல ஒரு சந்தேகம். இடுப்பு வரைக்கும்னேன். அடேங்கப்பான்னாங்க.

"கடைசியில சேர்ந்துடுவாங்களா?"

"சேர்ந்துதாம்மா ஆகணும். அதான் ரூலாம்."

"அப்பச் சரி. புஸ்தகமா வந்துச்சுன்னா சொல்லு."

டிஸ்கி: அந்த 2 நிமிஷம் லேட்டாக் கதவு தட்டின விஷயத்தை மாநாடு நடத்தினவங்க காதுல யாரும் போட்டுக் கொடுக்க வேண்டாம் மக்கா. அடுத்த வருஷமும் ஓசிச் சாப்பாடு இருக்கு.